நடுக்கோடையில் என்ன விதைக்கலாம்? நாள் எண்ணித் தேர்ந்தெடுக்கும் முறை

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி. பட்டாணியும் உருளைக்கிழங்கும் எடுத்தாயிற்று, பாத்திகள் காலி. கோடை பாதி போய்விட்டது. இப்போது எதை விதைத்தால் உறைபனி வருவதற்குள் கைக்கு ஏதாவது கிடைக்கும்? போன வருடம் வாங்கி மிச்சம் வைத்திருக்கும் விதைகளைப் போடலாமா? கேட்டிருப்பது காய்கறிப் பட்டியல்தான். ஆனால் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் பாதிக் குழப்பம் அப்படியே இருக்கும். ஜூலை நடுவில் ஒரு ஊரில் உறைபனிக்கு இரண்டு மாதம் இருக்கும், இன்னொரு ஊரில் நான்கு மாதம் இருக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. உங்களுக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, அதற்குள் எது அடங்கும் என்ற கணக்கைச் சொல்லித் தருகிறேன். காய்கறிகளையும் அந்தக் கணக்கோடு சேர்த்தே பார்ப்போம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் பயப்படும் அளவுக்கு நேரம் தாண்டிவிடவில்லை. சில பயிர்களுக்கு நடுக்கோடைக்குப் பிந்தைய விதைப்புதான் சரியான விதைப்பு. வசந்தத்தில் போட்டால் பூவெடுத்து வீணாகும் சீன முட்டைக்கோஸ், பாக் சோய் என்ற சீனக் கீரை, பெரிய வெள்ளை முள்ளங்கி எல்லாம் பகல் நீளம் குறையத் தொடங்கிய பிறகு போட்டால் ஒழுங்காக வளர்ந்து நிற்கும். காரட்டும் கோஸ் இனக் கீரையான கேலும் இலையுதிர் காலக் குளிரில் முதிர்ந்தால் இனிப்பு கூடும். குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால் வரும் இனிப்பு அது.

வசந்த விதைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். வசந்தத்தில் விதை குளிர்ந்த மண்ணில் கஷ்டப்பட்டு முளைக்கும். அப்புறம் நாளுக்கு நாள் வெயிலும் வெளிச்சமும் கூடும். கொஞ்சம் பிந்தி விதைத்தாலும் செடி வேகமாக வளர்ந்து ஈடு கட்டிவிடும். நடுக்கோடையில் எல்லாம் தலைகீழ். முளைக்கும்போது மண் கொதிக்கிறது, முதிரும்போது பகல் சுருங்கிக்கொண்டே போகிறது. இங்கே ஒரு வாரம் பிந்தினால் அறுவடை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகலாம், சில நேரம் கிடைக்காமலே போகலாம். அதனால் தொடக்கத்துச் சூட்டைச் சமாளிப்பது ஒரு வேலை, கடைசித் தேதியைப் பிடிப்பது இன்னொரு வேலை.

கடைசித் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பகுதியில் இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி சராசரியாக என்றைக்கு வருகிறது என்று பாருங்கள். வானிலைத் துறைப் பதிவுகளில் இருக்கும், பக்கத்தில் பல வருடமாகத் தோட்டம் போடுகிறவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் முதிர்ச்சி நாள் (அறுவடைக்கு வர ஆகும் நாட்கள்), அதோடு சுமார் 14 நாள் கூடுதல், அதோடு எத்தனை நாள் பறிக்க விரும்புகிறீர்களோ அத்தனை நாள். கூடுதலான அந்த 14 நாள் எதற்கு என்றால், பொட்டலத்து எண் பெரும்பாலும் நீண்ட பகல் இருக்கும் வளர்காலத்தை வைத்துப் போடப்படுவது. குறையும் வெளிச்சத்தில் அதே செடி மெதுவாகத்தான் போகும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உறைபனி அக்டோபர் 10 என்று வையுங்கள். குத்துச்செடி பீன்ஸ் பொட்டலத்தில் 55 நாள் என்று இருக்கிறது. அதோடு 14, இரண்டு வாரப் பறிப்புக்கு இன்னொரு 14, ஆக 83 நாள். அக்டோபர் 10-லிருந்து 83 நாள் பின்னால் போனால் ஜூலை 19. ஆனால் சராசரித் தேதி என்றால் சில வருடங்களில் உறைபனி அதற்கு முன்பே வந்திருக்கிறது என்று அர்த்தம். பீன்ஸ் மாதிரி ஒரே இரவில் கருகிப்போகும் செடிக்கு இன்னொரு பத்து நாள் முன்னால் போவதுதான் புத்தி. ஆக ஜூலை 9 வாக்கில் விதைத்தால் நிம்மதி, 19 வரை ஓரளவு நம்பிக்கை, அதற்கு மேல் அதிர்ஷ்டம்.

பொட்டலத்து எண்ணில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நேரடியாக விதைக்கும் பீன்ஸ், காரட், பீட்ரூட், முள்ளங்கி இவற்றுக்கு விதைத்த நாளிலிருந்து கணக்கு. முட்டைக்கோஸ், ப்ராக்கோலி, காலிஃபிளவர் போன்ற நாற்றுப் பயிர்களுக்கு வழக்கமாக நாற்றை நட்ட நாளிலிருந்துதான் கணக்கு. 65 நாள் ப்ராக்கோலி என்றால் அதற்கு முன் குழித்தட்டில் நான்கிலிருந்து ஆறு வாரம் இருக்கிறது. அதையும் கூட்டினால் நூறு நாளைத் தொடும். 65 நாள்தானே என்று நிதானமாக ஆகஸ்ட் கடைசியில் விதைப்பவர்களுக்கு இலை மட்டும்தான் மிஞ்சும்.

ப்ராக்கோலிக்கும் உறைபனிக்கு முந்திய தேதிதான் எல்லையா என்றால், இல்லை. எல்லாப் பயிருக்கும் உறைபனி முடிவாக இருப்பதில்லை. பீன்ஸ், வெள்ளரி, சுக்கினி (வெள்ளரி போல இருக்கும் பூசணி வகை), தக்காளி இனங்கள் முதல் உறைபனியோடு முடிந்துவிடும். லெட்யூஸ், பீட்ரூட், காரட், காலிஃபிளவர் இவை பூஜ்யத்துக்குக் கீழே ஓரிரண்டு டிகிரி வரை சமாளிக்கும். கேல், ஸ்பினாச், முட்டைக்கோஸ், வெங்காய இனமான லீக் இன்னும் கீழே போனாலும் நிற்கும். கடினமான வகைக் கேலெல்லாம் பனி மூடிய பிறகும் பறிக்க முடியும். இப்படிக் குளிர் தாங்கும் பயிர்களுக்கு எல்லைக்கோடு உறைபனி இல்லை, பகல் நீளம். பகல் சுமார் பத்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான காய்கறிகளில் வளர்ச்சி நின்றது போல ஆகிவிடும். 50 டிகிரி அட்சரேகை வாக்கில் அது அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடும், 40 டிகிரி வாக்கில் நவம்பர் நடுவில். செடி அதற்குள் முக்கால் அளவாவது வளர்ந்திருக்க வேண்டும். வளர்ந்துவிட்டால் பாத்தியே குளிர்பெட்டி மாதிரிதான், வேண்டும்போது போய் வெட்டிக்கொள்ளலாம். வளராத நாற்று அந்த அளவிலேயே உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் பூமியின் தென்பாதியில் இருந்தால் நான் ஜூலை என்று சொல்லும் இடத்தில் ஜனவரி என்று படித்துக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான். உறைபனியே வராத வெப்பமான பகுதிகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே எல்லையைத் தீர்மானிப்பது மழையும் உச்ச வெயிலும். சூடு தணியும் வாரத்தைக் குறித்துக்கொண்டு, அப்போது நடுவதற்கு நாற்று தயாராக இருக்கும்படி முன்கூட்டித் தட்டில் விதைப்பது அங்கே பொருத்தம். நீங்கள் உறைபனியைக் குறிப்பிட்டுக் கேட்டிருப்பதால் மேற்கொண்டு அதை வைத்தே சொல்கிறேன்.

சரி, இப்போது பயிர்கள். நடுக்கோடை விதைப்பில் நான் கண்ணை மூடிக்கொண்டு முதலில் பரிந்துரைப்பது குத்துச்செடி பீன்ஸ். மண் சூடாக இருப்பதால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். 50 முதல் 60 நாளில் காய் வரும். கொடி பீன்ஸ் வேண்டாம், அது ஏறிப் படர எடுக்கும் நாட்கள் இப்போது உங்களிடம் இல்லை. பூக்கும் சமயம் 32, 35 டிகிரி என்று வெயில் அடித்தால் பூ உதிரும். அதற்காகப் பதற வேண்டாம், சூடு தணிந்ததும் மறுபடி பூ வைக்கும். அடுத்து சுக்கினி. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வசந்தத்தில் நட்ட சுக்கினி கோடை முடிவில் இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய் பிடித்துத் தளர்ந்து நிற்கும்போது, ஜூலையில் விதைத்த செடி இளமையாகக் காய்த்துக்கொண்டிருக்கும். 45, 55 நாளில் காய்க்கும் ரகமாகப் பாருங்கள். வெள்ளரியும் இதே கணக்கில் அடங்கும், ஆனால் கோடை கடைசியில் இலை நோய்கள் அதிகம் என்பதால் சுக்கினியை விட ஒரு படி கீழேதான் வைப்பேன்.

பீட்ரூட் மிகவும் நம்பகமானது. 50, 60 நாள், ஆரம்பத்துச் சூட்டையும் கடைசிக் குளிரையும் ஒருசேரத் தாங்கும். பீட்ரூட் விதை என்று நாம் போடுவது பெரும்பாலும் பல விதைகள் ஒட்டிய உருண்டை, ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நாற்று கிளம்பும். தயங்காமல் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், கிள்ளிய இளங்கீரையைச் சமைக்கலாம். விதையைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்துப் போட்டால் முளைப்பு ஒரே சீராக இருக்கும். சுவிஸ் சார்ட் கீரையும் இதே குடும்பம், இதே குணம். நூல்கோலும் டர்னிப்பும் 45 முதல் 60 நாள். இரண்டுமே வெயிலில் முதிர்ந்தால் நார் ஓடும், குளிரில் முதிர்ந்தால் மென்மையாக இருக்கும். அதனால் உறைபனிக்கு எட்டு, பத்து வாரம் முன்பு போட்டால் போதும், இன்றைக்கே அவசரம் இல்லை.

காரட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடைக் காரட் தோற்பது பெரும்பாலும் முளைப்பதற்கு முன்னாலேயே. விதை ரொம்பச் சிறியது, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போடக் கூடாது. அது முளைக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். மண் சூடாக இருப்பதால் இப்போது சீக்கிரம் முளைக்கும் என்றாலும், ஒரு வாரம் அந்த மேல் ஒரு சென்டிமீட்டர் காயாமல் இருக்க வேண்டும். கோடையில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும். போதாக்குறைக்குக் களிமண் கலந்த நிலமாக இருந்தால் மேலே ஓடு கட்டும். குனிந்து பார்த்தால் தெரியும்: புல் நுனி மாதிரி இரண்டு மெல்லிய இலையோடு நாற்று வளைந்து நின்று, காய்ந்த மண் தகடு ஒன்றைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே வேறு இரண்டு, தகட்டைத் தூக்க முடியாமல் அடியிலேயே வெளுத்துச் செத்திருக்கும். விதை சரியில்லை என்று பழி போடுகிற பல பாத்திகளில் நடந்திருப்பது இதுதான்.

இதற்கு வழி எளிது. முதலில் கோடு கிழித்து, கோட்டுக்குள் தண்ணீர் ஊற்றி, அது இறங்கிய பிறகு விதையைத் தூவுங்கள். மேலே தோட்ட மண்ணைப் போடாமல் சலித்த மக்கு உரத்தை மெல்லப் போர்த்துங்கள், அது ஓடு கட்டாது. அதற்கு மேல் ஒரு பலகையோ நனைத்த சாக்கோ போட்டு மூடிவிடுங்கள். நான்காம் நாளிலிருந்து தினமும் காலையில் தூக்கிப் பாருங்கள். முதல் பச்சைக் கோடு தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் நாற்று நீண்டு வெளுத்து, சாக்கு இழையில் பின்னிக்கொள்ளும். முளைத்து மூன்று வாரத்தில் 4, 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். 65 முதல் 80 நாளில் வரும் ரகங்களாகத் தேர்ந்தெடுத்தால், உறைபனிக்குப் பன்னிரண்டு வாரம் முன்புவரை விதைக்கலாம். முழு அளவு வராவிட்டாலும் இளங்காரட் கிடைக்கும். மண் உறைந்து இறுகாத இடங்களில் தடிமனாக வைக்கோல் மூடாக்குப் போட்டு, குளிர்காலத்திலும் தோண்டி எடுக்கிறவர்கள் உண்டு.

லெட்யூஸின் பிரச்சினை வேறு மாதிரி. இதற்குத் தண்ணீர் இருந்தாலும் சூடு இருந்தால் முளைக்காது. 15 முதல் 20 டிகிரியில் சில நாளில் முளைக்கிற விதை, மண் 27, 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்களில் அப்படியே உறங்கிப்போகும். மோசம் என்னவென்றால், ஈரத்தில் ஊறிச் சூட்டில் உறங்கிய விதை, அப்புறம் மண் குளிர்ந்தாலும் உடனே எழுந்துகொள்வதில்லை. விதை ஊறத் தொடங்கிய முதல் சில மணி நேரம்தான் சூட்டுக்கு அதிகம் பயப்படும் நேரம். அதனால் காலையில் விதைக்காமல் மாலையில் விதைத்தால் அந்த நேரம் இரவுக் குளிர்ச்சியில் கழியும். இந்த ஒரு மாற்றமே நிறைய வித்தியாசம் தரும். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால், நிழலான குளிர்ந்த அறையில் குழித்தட்டில் விதைத்து, மூன்று நான்கு வாரத்தில் நாற்றாக நடுங்கள். விதைக்கு வெளிச்சமும் உதவும் என்பதால் ஆழமாகப் புதைக்காமல் மேலாக மண் தூவினால் போதும். ரோமைன், படாவியா வகைகள் வெயிலை ஓரளவு பொறுக்கும். உருண்டை கட்டும் வகையை இப்போது தொடாதீர்கள்.

ஸ்பினாச்சைக் கேட்பவர்களிடம் நான் சொல்வது: பொறுங்கள். பகல் 14 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது அது தண்டு விட்டுப் பூப்பதற்குத்தான் பார்க்கும். மண் 30 டிகிரியை நெருங்கினால் பாதிகூட முளைக்காது. கோடையின் கடைசி வாரங்களில், உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு விதைத்தால் அதே விதை பிரமாதமாக வரும். இன்னும் பிந்தி முளைத்த சிறு செடிகள்கூட, கடுங்குளிர் இல்லாத இடங்களில் மூடாக்குக்கு அடியில் உயிரோடு இருந்து வசந்தத்தில் முதல் கீரையைத் தரும். கொத்தமல்லியும் இப்படித்தான், நடுக்கோடையில் போட்டால் நேராகப் பூவுக்குப் போய்விடும். சிறிய சிவப்பு முள்ளங்கிக்கும் அவசரம் இல்லை. 25, 30 நாள் பயிர், வெயிலில் காரமும் நெட்டியும்தான் மிச்சம். கோடை முடியும்போது பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பெரிய வெள்ளை முள்ளங்கிக்கு 55, 65 நாள் வேண்டும் என்பதால் அதை முந்திப் போட வேண்டும்.

கோஸ் இனத்தில் எனக்கு முழு நம்பிக்கை இருப்பது கேல், அதற்கு அடுத்து ப்ராக்கோலி, அப்புறம் சீக்கிரம் விளையும் முட்டைக்கோஸ். மூன்றையும் உடனே தட்டில் விதைத்துவிடலாம். பட்டாணி எடுத்த பாத்தியை இவற்றுக்கு ஒதுக்குங்கள். பட்டாணியை வேரோடு பிடுங்காமல் தண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் இன்னும் நல்லது, வேர் முடிச்சில் உள்ள தழைச்சத்து அங்கேயே மக்கி அடுத்த பயிருக்குப் போகும். இவற்றுக்குச் சூட்டைவிடப் பூச்சிதான் கவலை. வசந்தத்தில் எண்ணிக்கை குறைவாக இருக்கும் வெள்ளை வண்ணத்துப்பூச்சி இப்போது உச்சத்தில் இருக்கும். இலையின் அடியில் மஞ்சள் முட்டை வைத்துவிட்டுப் போகும், அதிலிருந்து வரும் புழு தின்றால் நரம்புதான் மிஞ்சும். நாற்று நட்ட அன்றே வலை போட்டு மூடுவது ஒன்றுதான் நிம்மதியான வழி. ஓரங்களில் இடைவெளி விடாமல் மண்ணால் அமுக்கிவிடுங்கள். இளநாற்றின் இலையில் ஊசியால் குத்தினது மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் அது துள்ளிக் குதிக்கும் குட்டி வண்டு. அதற்கு வண்ணத்துப்பூச்சி வலை போதாது, இன்னும் பொடிக் கண் உள்ள வலை வேண்டும். செடி ஐந்தாறு இலை விட்டுவிட்டால் அந்த வண்டால் பெரிய சேதம் வராது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. இலையுதிர் காலப் பட்டாணியைச் சிலர் ஆஹா என்பார்கள், சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பட்டாணி இலை உறைபனியைத் தாங்கும், ஆனால் பூவும் காயும் தாங்காது. வெப்பமான கோடைக் கடைசியில் சாம்பல் நோயும் வரும். குட்டை ரகமாக, சாம்பல் நோய் எதிர்ப்பு என்று எழுதியதாக, தோலோடு தின்னும் வகையாகப் போட்டால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. காய் வராவிட்டால் இளந்தளிரைக் கிள்ளிச் சமைக்கலாம் என்ற மனநிலையோடு விதையுங்கள். காலிஃபிளவரும் சூதாட்டம்தான். இளநாற்றுக்குச் சூட்டாலோ தண்ணீர்க் குறைவாலோ ஒருமுறை அதிர்ச்சி பட்டுவிட்டால் பொத்தான் அளவுப் பூவோடு நின்றுவிடும். முதல் தடவை கோடை விதைப்பு செய்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லக்கூடியவை: விதையிலிருந்து தக்காளி, மிளகாய், கத்திரி, பூசணி. களைக்கோஸும் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்) காரட் போன்ற வெள்ளைக் கிழங்கான பார்ஸ்னிப்பும் நீண்ட காலம் எடுப்பவை, அவற்றுக்கும் இந்த வருடம் வண்டி போய்விட்டது. வெங்காயம் கிழங்கு வைப்பது பகல் நீளத்தைப் பொறுத்தது. நாள் சுருங்கத் தொடங்கிய பிறகு விதைத்தால் தாள்தான் கிடைக்கும், வெங்காயத்தாளுக்காக என்றால் தாராளமாகப் போடலாம். தக்காளிக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. ஏற்கெனவே நிற்கும் செடியின் பக்கக் கிளையை ஒடித்துத் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். விதையிலிருந்து நாற்றாகும் காலம் அத்தனையும் மிச்சம். உறைபனிக்கு மூன்று மாதம் இருந்தால் முயன்று பார்க்கலாம். அப்புறம், இப்போது எடுத்த உருளைக்கிழங்கையே திரும்ப நடலாமா என்ற யோசனை உங்களுக்கு வரலாம். புதுக் கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறக்கத்தில் இருக்கும், நட்டாலும் மண்ணுக்குள் சும்மா கிடக்கும்.

உருளை எடுத்த பாத்தியில் மண் ஆழமாகக் கிளறப்பட்டிருப்பதால் காரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் அதைக் கொடுங்கள். தப்பிய சின்னக் கிழங்குகள் நடுவில் முளைத்துவரும், அவற்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புதுச் சாணத்தைப் போடாதீர்கள், காரட் கிளை கிளையாகப் பிரியும். நன்றாக மக்கிய உரம் ஒரு விரல் கனம் போதும். விதைப்பதற்கு முந்தைய நாளே பாத்தியை ஒரு சாண் ஆழம் நனையும்படி ஊற ஊறத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மேலே தெளிக்கும் தண்ணீர் மேல்தோலோடு நின்றுவிடும். வசந்தத்தில் போடும் ஆழத்தைவிடப் பெரிய விதைகளைக் கொஞ்சம் ஆழமாகப் போடலாம், அங்கே ஈரம் நிற்கும். முளைத்து வரும்வரை 30 முதல் 50 சதவீத நிழல்வலை உதவும். முளைத்த பிறகு வலையை மதியத்துக்கு மட்டும் வைத்து, ஒரு வாரத்தில் படிப்படியாக எடுத்துவிடுங்கள். நாற்று நடுவதும் மாலையில்தான். மூடாக்கு, செடி ஒரு விரல் உயரம் வந்த பிறகு.

இந்த வாரமே செய்ய வேண்டியது என்று கேட்டால், கேலையும் ப்ராக்கோலியையும் தட்டில் விதைத்துவிட்டு, பீன்ஸ், சுக்கினி, காரட், பீட்ரூட்டை நேராகப் பாத்தியில் போடுங்கள். பாக் சோய், சீன முட்டைக்கோஸ், பெரிய முள்ளங்கி, நூல்கோல், டர்னிப் இரண்டு மூன்று வாரம் கழித்து. லெட்யூஸை இடையிடையே சிறிதாக, மாலையில். ஸ்பினாச், சிறு முள்ளங்கி, கொத்தமல்லி கடைசியில். உங்கள் உறைபனித் தேதி செப்டம்பர் நடுவிலேயே என்றால் பீன்ஸையும் சுக்கினியையும் இப்போதே விட்டுவிடுங்கள், காரட்டில் மிகக் குறுகிய ரகம் மட்டும். தேதியைச் சொன்னீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கடைசி நாளைக் கணக்குப் போட்டே எழுதுகிறேன்.

மிச்ச விதைகள் விஷயம். வெங்காயம், லீக், பார்ஸ்னிப் விதைகளுக்கு ஆயுள் குறைவு, ஒரு வருடம் தாண்டினால் நம்ப வேண்டாம். பீன்ஸ், காரட் மூன்று வருடம் வரை, கோஸ் இனமும் பீட்ரூட்டும் நான்கு வருடம் வரை பரவாயில்லை, வைத்த இடம் குளிர்ச்சியாகவும் காய்ந்தும் இருந்திருந்தால். வெயில் படும் கொட்டகையில் வைத்திருந்தால் இந்த எண்களில் பாதியை வெட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்தாளில் சுற்றி, மூடிய டப்பாவில் போட்டு, வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். காரட்டுக்குப் பத்து நாளும் மற்றவற்றுக்கு ஒரு வாரமும் பொறுங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். ஐந்தாறு என்றால் இரண்டு மடங்கு நெருக்கமாகத் தூவுங்கள். மூன்று நான்குதான் என்றால் புது விதையே வாங்கிவிடுங்கள், முளைக்காமல் போன பாத்தியில் மறுபடி விதைக்க இந்தப் பருவத்தில் நாள் கிடையாது.